வானுக்கு வீட்டு மின்சாரம் எடுக்கும்போது

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மோட்டார்ஹோமையோ, படுக்கையும் அடுப்பும் பூட்டிய வானையோ உறவினர் வளவில் நிறுத்தித் தங்குவோர், வண்டிக்கான மின்சாரத்தை அநேகமாக விறாந்தைச் சொக்கெற்றிலிருந்தே எடுக்கின்றனர். ஐரோப்பிய முகாம் திடல்களில் இருக்கும் 16 அம்பியர் நீலநிற இணைப்பு இங்கே வீடுகளில் இராது. ஆகவே இடையில் ஓர் அடப்டர் வேண்டியிருக்கும். அந்த அடப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர, சுவருக்குள் ஓடும் வயரைத் தடிப்பாக்காது.

எனவே முதலில் சொக்கெற்றைப் பாருங்கள். சதுர முள் 13 அம்பியர் வகையே இப்போது இலங்கையின் நியமம் என்றாலும், பழைய வீடுகளில் உருண்டை முள் 5 அம்பியர், 15 அம்பியர் வகைகள் இன்னும் உள்ளன. 230 வோல்ற்றில் 5 அம்பியர் என்பது 1150 வாற்று. 13 அம்பியர் 2990 வாற்று. வண்டி எதிர்பார்க்கும் 16 அம்பியரோ 3680 வாற்று. 13 அம்பியர் சொக்கெற்றிலும் மணிக்கணக்கில் மின் எடுப்பதானால் 10 அம்பியருக்கு, அதாவது 2300 வாற்றுக்கு மேற்போகாதிருப்பதே நல்லது. 1000 வாற்றுக் குளிர்சாதனம் ஓடும்போது 700 வாற்று றைஸ் குக்கரைப் போடலாம். 2000 வாற்றுக் கேத்தலைப் போட வேண்டுமானால், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும். 5 அம்பியர் சொக்கெற்றில் விளக்கு, மின்விசிறி, பற்றரி சார்ஜர் ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். பழைய 5 அம்பியர் வயரிலேயே புதிய 13 அம்பியர் சொக்கெற்றைப் பூட்டியிருக்கும் வீடுகளும் உண்டு என்பதால், அந்த வயருக்குரிய பிறேக்கர் எத்தனை அம்பியர் என்பதை வீட்டாரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது ஏர்த், அதாவது கசியும் மின்னை நிலத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு. ஐரோப்பாவிலிருந்து வந்த இரட்டை முள் பிளக்கைச் சதுரத் துளைச் சொக்கெற்றில் ஏற்றுவதற்கு, மேல் துளைக்குள் பேனை மூடியையோ தீக்குச்சியையோ விட்டு உள்மூடியைத் திறக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அப்படி ஏற்றினால் மின் வரும், விளக்கு எரியும், ஆனால் ஏர்த் தொடுக்கப்படாது. வண்டிக்குள் ஒரு வயர் உரஞ்சித் தகரத்தில் பட்டால், வெறுங்காலுடன் நிலத்தில் நின்று கதவைப் பிடிப்பவர் மேல்தான் அது பாயும். மூன்று முள்ளும் உலோகமாக உள்ள, உள்ளே 13 அம்பியர் பியூஸ் கொண்ட அடப்டரையே வாங்குங்கள். எல்லா நாட்டுக்கும் ஏற்றது என்று விற்கப்படும் பயண அடப்டர்கள் போன் சார்ஜருக்குப் போதும், வண்டிக்கு ஆகா.

ஏர்த் முள் இருந்தாலும், அது போய்ச்சேரும் கம்பி காய்ந்த நிலத்தில் நன்றாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மேலே மெல்லிய மண்ணும் கீழே சுண்ணக்கல்லுமாக இருக்கும் நம் தரையில், ஆவணி வெயிலில் அதன் தடை கூடிவிடும். தடை கூடினால் கசியும் மின் பிறேக்கரை விழுத்தும் அளவுக்கு வராது. ஆனால் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிற்ச் அதைக் கண்டு துண்டித்துவிடும். ஆகையால் வீட்டிலும் வண்டியிலும் ரிப் சுவிற்ச் இருக்கிறதா என்று பார்த்து, மின் வந்தபின் அதன் சோதனைப் பொத்தானை அமத்துங்கள். உடனே விழாவிட்டால் அந்த இணைப்பில் தங்க வேண்டாம். மூன்று விளக்குச் சோதனைப் பிளக் ஒன்று கைவசம் இருந்தால், ஏர்த் அறுந்திருப்பதையும் லைவும் நியூட்ரலும் மாறியிருப்பதையும் அது காட்டும். ஏர்த் எவ்வளவு நல்லது என்பதை அது காட்டாது.

வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பும் றப்பர் உறையும் உடையதாக இருக்கட்டும். உருளையில் சுற்றியபடியே விட்டு மின் எடுத்தால் உள்வட்டங்கள் சூடேறி உறை இளகும், ஆகவே 5 மீற்றர் தூரந்தான் என்றாலும் முழுவதையும் கழற்றி விரியுங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ, முள்ளடியில் பழுப்புநிறமோ தெரிந்தால் சுமையைக் குறைத்து, வேறு சொக்கெற்றைத் தேட வேண்டும். கசூரினாக் கடற்கரைப் பக்கம் நிறுத்துவோர் உப்புக் காற்றில் முள் பச்சை பிடிப்பதையும் கவனிக்க வேண்டும்.

கனடாவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ற்றுக் கேத்தலை அடப்டர் போட்டுப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலான வெப்பத்தைத் தந்து எரிந்துபோகும். 100–240 என்று அச்சிட்ட சார்ஜர்களுக்கு மட்டுமே அடப்டர் போதும்.

இணைக்கும்போது வண்டிக்குள் எல்லாவற்றையும் நிறுத்தி, வயரை முதலில் வண்டியில் பூட்டி, சுவர்ப் பிளக்கைக் கடைசியாகப் போட்டு, அதன்பின் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். கழற்றும்போது சுவர்ப் பக்கமே முதலில். கரண்ட் போனால் குளிர்சாதனத்தை நிறுத்தி வையுங்கள். மின் திரும்பி வந்து சில நிமிடம் கழித்துத் தொடங்கலாம். மாலையில் வோல்ற்று 200க்குக் கீழே இறங்கினாலும் அதையே செய்யுங்கள்.