தலைக்காயத்துக்குப் பின் கைகால் அசைவை மீட்க வீட்டில் செய்ய வேண்டியவை

தலையில் அடிபட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருவனந்தபுரத்திலோ வாரக்கணக்கில் கிடந்து வீடு திரும்புகிறவருக்குத் தையல் பிரித்திருப்பார்கள், காயமும் ஆறியிருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக் கையும் காலும் சொன்ன சொல் கேட்காது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வீடுவீடாகச் சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் எனக்கு, அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே காட்சிதான் காணக் கிடைக்கிறது: நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், உறவினர்கள் முறைவைத்து அவருடைய காலுக்கு எண்ணெய் தடவி நீவுகிறார்கள். அன்பில் குறையில்லை, அந்த உழைப்பு சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பழுது காலில் இல்லை. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்க உடலும், வலப்பக்கம் அடிபட்டால் இடப்பக்க உடலும் தளர்வதற்குக் காரணம், தசைக்குக் கட்டளை போகும் வழி அறுந்ததுதான். மூளையின் எஞ்சிய பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடியவை. அதற்கு நோயாளியே மனம் வைத்து, ஒரே அசைவைப் பலமுறை முயல வேண்டும். பிறர் பிடித்து அசைப்பது மூட்டு இறுகிப் போகாமல் காக்கும். அசைவைத் திருப்பிக் கொண்டுவருவது அவருடைய சொந்த முயற்சிதான். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் பெரும்பாலும் வேகமாக இருக்கும். அதன்பின் வேகம் குறையுமே தவிர, கதவு அடைபட்டுவிடுவதில்லை.

தொடங்குமுன் மருத்துவரிடம் நான்கு செய்திகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மண்டையோட்டின் எலும்புத் துண்டு எடுக்கப்பட்டிருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, இரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்த வேண்டும், வேறு எலும்பு முறிவு இருந்தால் அந்தக் காலில் எடை போடலாமா. எலும்புத் துண்டு எடுக்கப்பட்டவர் எழுந்து நடமாடத் தொடங்கினால் தலைக்காப்பு அணிந்திருக்க வேண்டும். அந்த இடத்தை யாரும் அழுத்தவே கூடாது.

எங்கள் மாவட்டத்தில் கைகால் விழுந்துவிட்டது என்றாலே வர்ம ஆசானின் நினைவு வரும். அந்த மரபின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும், இறுகிய முழங்கையை வலுவாக இழுத்து நிமிர்த்துவதை யார் செய்தாலும் தடுப்பேன். தலைக்காயத்துக்குப் பின் முழங்கை, இடுப்பு போன்ற பெரிய மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைக்குள் புதிதாக எலும்பு வளர்வதுண்டு. அப்படிப்பட்ட மூட்டைப் பலவந்தமாக வளைத்தால் கேடு மிகும். மூட்டில் வீக்கமும் சூடும் வலியும் கூடி, அசைவு நாளுக்கு நாள் குறைந்தால், முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்ச்சி குன்றிய தோலில் கிழியோ தவிட்டு ஒத்தடமோ வைத்தால் சுடுவதே அவருக்குத் தெரியாமல் கொப்புளம் கண்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படுக்கையில் இருக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது படுக்கைப் புண்ணைத் தடுக்கும். மல்லாந்து படுக்கும்போது தளர்ந்த தோளின் அடியில் சிறு தலையணை ஒன்று வேண்டும். தளர்ந்த தசை தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தாததால், கை பின்னோக்கிச் சரிந்து மூட்டு நழுவும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் அறவே கூடாது. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒருவர் வீட்டு உத்தரத்தில் கிணற்றுக் கப்பியைக் கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துத் தளர்ந்த கையை மேலே தூக்கச் சொன்னேன். தோள்வலி வந்து சேர்ந்ததுதான் மிச்சம். அன்றோடு கப்பியை விட்டேன்.

எழுந்து நிற்கும் பயிற்சியை எல்லாவற்றிலும் மேலானதாக நான் கருதுகிறேன். முதலில் கட்டிலின் ஓரத்தில் பாதங்கள் தரையில் படியுமாறு சில நிமிடங்கள் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். இருக்கை உயரமாக இருந்தால் எழுவது எளிது. ஆகவே கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி, வாரங்கள் செல்லச் செல்லக் குறைத்து வரலாம். இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, கைகளைக் கோத்து முன்னே நீட்டி, மூக்கு கால்விரலைத் தாண்டும் வரை குனிந்த பிறகே எழ வேண்டும். நிமிர்ந்த நிலையிலேயே எழ முயல்வதால்தான் பலர் பின்னே சாய்கிறார்கள். உதவுகிறவர் தளர்ந்த பக்கத்தில் நின்று, இங்கே தோர்த்து என்று சொல்லும் துண்டை நோயாளியின் இடுப்பில் இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, தம் முழங்காலால் அவருடைய தளர்ந்த முழங்கால் மடங்காமல் அணை கொடுக்க வேண்டும். உட்காரும்போதும் தொப்பென்று விழ விடாமல் மெதுவாக இறங்கச் செய்வது பாதிப் பயிற்சி. ஐந்து முறை, சற்று ஓய்வு, பிறகு ஐந்து முறை என்று தொடங்கி, எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும்.

கைக்கு வருவோம். பந்தை அழுத்தச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். விரல்கள் ஏற்கெனவே உள்ளே மடங்கி இறுகியிருப்பவருக்கு அது இறுக்கத்தைப் பழக்குவதாகவே முடியும். விரல் விரியப் பழக வேண்டும். திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், பைக்கிலிருந்து விழுந்து வலக்கை முடங்கியவர், நான் கொண்டுபோன மரக்கட்டைகளைத் தொடவே மறுத்தார். பால் பிடிக்கும் சிரட்டைகள், அதாவது கொட்டாங்கச்சிகள், திண்ணையோரத்தில் கிடந்தன. அவருடைய தாயார் ஒன்றை எடுத்து முன்னே வைத்து, "மக்களே, இத அடுக்கி வை" என்றார். சிரட்டையைப் பிடிக்க விரலை அகல விரித்தாக வேண்டும், அடுக்கில் வைக்க விட்டாக வேண்டும். விடுவதுதான் அவருக்குக் கடினம். முதல் நாள் மூன்று சிரட்டைகளை வைக்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்றாவதை விடமுடியாமல் மணிக்கட்டை மடக்கி மேசையோரத்தில் உரசி விடுவித்தார். நோயாளிக்குப் பழகிய பொருள் எதுவானாலும் இதே முறை பொருந்தும்: பூக்கட்டுபவருக்கு நார், மீனவருக்கு வலைமணி, சமைப்பவருக்கு மட்டி வாழைப்பழத்தை உரிப்பது. தளர்ந்த கை சிறிதேனும் அசைந்தால் அந்த வேலையை நல்ல கை செய்து முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைக்காயம் கைகாலை மட்டும் தாக்குவதில்லை என்பதைக் குடும்பத்தினர் மறந்துவிடுகிறார்கள். மறதி, எரிச்சல், எளிதில் சோர்வு எல்லாம் காயத்தின் பகுதியே. சோம்பலோ திமிரோ அல்ல. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்லாக "குனி", "எழு" என்று சொல்லி, பதினைந்து நிமிடங்கள் செய்து நிறுத்தி, நாளில் நான்கைந்து முறை திரும்பச் செய்வது, ஒரு மணி நேரம் பிடிவாதமாக நடத்துவதைவிட நல்லது.

மேற்குப் பகுதி வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் முற்றத்துப் படியில் பாசி பிடிக்காத மாதங்கள் குறைவு. படிகளைத் தேய்த்துக் கழுவி, ஒரு பக்கமேனும் கைப்பிடி வைத்த பிறகே நடைப்பயிற்சியை வெளியே கொண்டுவர வேண்டும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது தளர்ந்த காலையும் முதலில் வைக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள காலணியே நல்லது. முன்பாதம் தொங்கித் தரையில் தட்டினால், கணுக்காலைத் தாங்கும் உறையை மருத்துவமனையில் அளவெடுத்து வாங்கலாம்.

புதிதாகத் தலைவலியும் வாந்தியும், வழக்கத்துக்கு மாறான உறக்கம், வலிப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்தி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், 108ஐ அழைக்கலாம். அன்றாடப் பயிற்சிக்குச் செலவு செய்ய இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது என்பதை அறிந்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். போகும்போது மருத்துவமனை விடுவிப்புச் சீட்டின் நகலையும் அந்த எண்ணிக்கை நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.