மொய் நோட்டைக் கணினியில் ஏற்றும்போது

எங்கள் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். ஆட்டுக்கறிச் சாப்பாடு முடிந்து கை கழுவியவர்கள் நேராக மேசைக்கு வந்து மொய் எழுதுவார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. அந்தப் பணம் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறாகும், இன்னொரு வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமாகும். வாங்கியவர் மற்றவர்களின் விருந்துகளில் திருப்பிச் செய்துவிட்டு, பொதுவாக 5 வருடம் கழித்துத்தான் மறுபடி பந்தல் போடுவார். இத்தனைக்கும் கணக்கு, யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிவைக்கும் மொய் நோட்டுதான். அதனால் ஏற்றும்போது நிதானம் வேண்டும்.

முதலில் ஊர். பெயரில் தொடங்காதீர்கள். ஊர், தகப்பனார் பெயர், ஆள் பெயர், கடைசியில் அடையாளம் என்று நான்கு கட்டம் போடுங்கள். அடையாளம் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நோட்டில் 'கிணற்றடி வீடு' என்று இருந்ததை விட்டுவிட்டு வெறும் முருகேசன் என்று ஏற்றினேன். அதே ஊரில், அதே தகப்பனார் பெயரில் இன்னொரு முருகேசன் இருந்தார். கிணற்றடி வீட்டார் செய்த 5,000 ரூபாய் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. கிணற்றடி வீட்டு விருந்துக்கு, அந்த 5,000 வாங்கிய வீட்டார் வெறும் 500 எழுதப்போய், இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடம் பேச்சில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பழைய மொய்க்கும் புது மொய்க்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். 2,000 திருப்ப வேண்டியவர் 3,000 வைத்தால், 2,000 பழையது கழியும். 1,000 புதிதாக ஏறும்.

அப்புறம் யுபிஐ. 2016இல் வந்தது, இப்போது மொய் மேசையிலும் க்யூஆர் அட்டை நிற்கிறது. ஆனால் திருப்பூரிலிருந்து மகன் அனுப்பினால் திரையில் மகன் பெயர்தான் வரும். மொய்யோ வீட்டுக்கு உரியது. "யார் பெயரில் எழுத?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்பதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ரசீது அச்சிடும் முன் ஊர், பெயர், தொகை மூன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வழக்கமே அதுதான். கணினி வந்ததற்காக விட வேண்டாம்.

எல்லாம் ஏற்றியாயிற்றா? சரி, பந்தல் பிரிக்கும் முன்பே வீட்டுப் பெரியம்மாவை உட்காரவைத்து முழுப் பட்டியலையும் படியுங்கள். "அது மேலத்தெரு இல்லப்பா, கீழத்தெரு" என்று நாலு இடத்திலாவது திருத்துவார். திருத்தியதை அச்செடுத்து, பழைய நோட்டோடு சேர்த்துக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.