பர்மாவுக்குப் போகும் புது நிருபர்: குறும்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கதை இது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பெண் நிருபர், ஆபத்தான நாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகிறாள். நாடு பெரும்பாலும் மியான்மர், அதாவது பழைய பர்மா. வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு, விசேஷத்துக்குக் கவுனி அரிசி, அப்பத்தா வாயில் ரங்கூன் பேச்சு என்று வளர்ந்தவர்களுக்கு அந்த நாடுதானே முதலில் தோன்றும்? அருமையான கதை. அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, கூட வரும் உள்ளூர்க்காரரை ஒப்புக்கு வைத்திருப்பது. மொழிபெயர்த்து, வண்டி பிடித்து, யாரைப் பார்க்கலாம், எந்தத் தெருவில் திரும்பக் கூடாது என்று சொல்பவரை இந்தத் தொழிலில் ஃபிக்ஸர் என்பார்கள். நம் கதைகளில் அவர் சிரிப்பார், டீ வாங்கித் தருவார், நாயகி அழ வேண்டிய இடத்தில் செத்துப்போவார். நடந்த கதையைப் பாருங்கள். 2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் பகுதியில் இத்தாலிய நிருபர் ஒருவரையும், அவருடைய ஓட்டுநர் சயீத் ஆகாவையும், மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்ஷ்பந்தியையும் தாலிபான்கள் கடத்தினார்கள். ஓட்டுநரைக் கொன்றார்கள். ஆப்கானிஸ்தான் அரசு ஐந்து தாலிபான் கைதிகளை விடுவித்து இத்தாலியரை மீட்டது. அஜ்மலை மீட்க ஆளில்லை. ஏப்ரலில் அவரையும் கொன்றுவிட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு பாஸ்போர்ட்டும் ஓர் அரசாங்கமும் பின்னால் இருக்கின்றன. உள்ளூர்க்காரருக்கு அதே தெருவில் குடும்பம் இருக்கிறது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட படம் 1984-இல் வந்த 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்'. 1975-இல் கம்போடியா கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் படையின் கையில் விழுந்தபின் அமெரிக்க நிருபர் வெளியேறிவிடுகிறார். அவரோடு வேலை பார்த்த டித் பிரான் மாட்டிக்கொள்கிறார். பிற்பாதியில் படம் பிரானோடு போகிறது. அந்த வேடத்தில் நடித்த ஹைங் ஙோர், அதே ஆட்சியில் உயிர் தப்பி வந்த மருத்துவர். அதற்காக ஆஸ்கர் வாங்கினார். ஆகவே உங்கள் ஃபிக்ஸருக்கு ஒரு வீடு கொடுங்கள். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று பேசவிடுங்கள். "அங்கே நான் வரமாட்டேன்" என்று அவர் மறுக்கும் ஒரு காட்சி இருந்தால் படமே மாறிவிடும்.

அடுத்தது, அனுபவமின்மையை நாயகி பயந்து அலறுவதாக மட்டும் காட்டுவது. புது நிருபரின் பக்குவமின்மை வேலையில்தான் தெரியும். பேட்டி கொடுத்தவரின் பெயரை அப்படியே எழுதிவிடுவாள். முகத்தை மறைத்துவிட்டு, பின்னால் தெரியும் கடைப் பலகையை விட்டுவிடுவாள். போனில் எல்லா எண்ணையும் சொந்தப் பெயரிலேயே சேமித்திருப்பாள். அந்த போன் செக்போஸ்டில் பிடிபட்டால் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று யோசித்தாலே உங்களுக்குத் திரைக்கதையின் பாதி கிடைத்துவிடும்.

ஆபத்து என்றதும் குண்டுவெடிப்பைத் தேட வேண்டாம். குறும்பட பட்ஜெட்டில் அது நம்பும்படி வரவும் வராது. 2017 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் மியான்மர் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் பத்து ரோஹிங்கியா முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டதைத் துருவிக்கொண்டிருந்தார்கள். யாங்கோனில் (நம் பழைய ரங்கூன்தான்) போலீஸ்காரர்கள் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, கையில் சில காகிதங்களைக் கொடுத்தார்கள். ஓட்டலை விட்டு வெளியே வந்ததும் கைது. அது திட்டமிட்டு மாட்டிவிட்டது என்று ஒரு போலீஸ் அதிகாரியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். இருந்தும் 7 ஆண்டு தண்டனை. 500 நாளுக்கு மேல் சிறையில் இருந்து 2019 மே மாதம் விடுதலையானார்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுருட்டிய காகிதம் போதும், இந்தக் காட்சியை எடுக்க.

அப்புறம், கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டை ரங்கூன் என்று காட்டுவது. ஆத்தங்குடித் தரைக் கல்லையும் முற்றத்தையும் பார்த்த மறுநொடி எந்தத் தமிழருக்கும் இது எந்த ஊர் என்று தெரிந்துவிடும். தெருவும் காட்டிக்கொடுக்கும். மியான்மரில் 1970-இலிருந்து வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, ஆகவே புல்லட் துரத்தலை மறந்துவிடுங்கள். ஆண்கள் லுங்கியை முன்பக்கம் முடிச்சிட்டுக் கட்டுவார்கள். நம் கைலிக் கட்டு அங்கே பொருந்தாது. என் யோசனை: வீட்டை வீடாகவே, நாயகியின் ஐயா (தாத்தா) வீடாக வைத்துக்கொள்ளுங்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மர் பத்திரிகையாளர்கள் பலர் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சாட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். கதையை அங்கே நகர்த்தினால் வாடகை அறைக்குள் பாதிப் படத்தை எடுத்துவிடலாம். தாய்லாந்தில் வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கம்தான் போகும்.

பர்மியப் பேச்சுக்கு வாயில் வந்ததை உளற வேண்டாம். 1960-களில் அங்கிருந்து திரும்பிய குடும்பங்களில் மொழி தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேளுங்கள்.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பி, வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தத் துயரத்தை எல்லாரும் படமாக்குகிறோம். அதற்கு முந்தைய கணக்கை விட்டுவிடுகிறோம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் நெல் வயலில் ஏறத்தாழ கால் பங்கு, அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் நாயகியிடம், "உங்கள் ஐயா இங்கே என்ன தொழில் செய்தார்?" என்று கேட்கட்டும். அவள் பதில் தேடித் திணறுவதை வெட்டாமல் விடுங்கள்.

கடைசியாக டைட்டில் கார்டு. கதைக்காக மியான்மரில் உள்ள யாரிடமாவது போனில் பேசியிருந்தால், நன்றி சொல்கிறேன் என்று அவர் பெயரைத் திரையில் போட்டுவிடாதீர்கள். இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றி 2012-இல் வந்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' ஆவணப்படத்தில் உடன் இயக்கியவர் ஒருவர் உட்பட உள்ளூர்க் கலைஞர்கள் பலர் 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றே குறிக்கப்பட்டார்கள். படம் முடிந்ததும் ஒருமுறை, வெளியிடுவதற்கு முன் இன்னொருமுறை அவரிடம் கேளுங்கள். தயங்கினால் பெயரை எடுத்துவிடுங்கள். குரல் பதிவையும் சேர்த்து.