பாலிமர் கேள்வியா, முதல்ல மோனோமரை வரைங்க
பிளஸ் டூ பிள்ளைங்களே, பாலிமர் (நீளச் சங்கிலி மூலக்கூறு) லிஸ்ட்டை உருப்போடறத விட்டுட்டு மோனோமரை, அதாவது அந்தச் சங்கிலியை உருவாக்கற சின்ன மூலக்கூறை, ஒருதடவை வரைஞ்சு பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும். கார்பனுக்கு நடுவுல இரட்டைப் பிணைப்பு இருந்தா பெரும்பாலும் அடிஷன்தான் (மோனோமருங்க அப்படியே ஒண்ணோட ஒண்ணு சேர்றது), அதுல ஒரு பிணைப்பு உடைஞ்சு ரெண்டு பக்கமும் நீளும், எதுவும் வெளிய போகாது, அதனால மோனோமர்ல இருக்கற அத்தனை அணுவும், பாலிமரை எழுதும்போது திரும்பத் திரும்ப வர்ற அலகைச் சுத்திப் போடற அடைப்புக்குள்ள வந்தாகணும். பாலித்தீன், பிவிசி, டெஃப்லான் எல்லாம் இப்படித்தான்.

ரெண்டு முனையிலயும் அமீன், அமிலம் மாதிரி தொகுதி இருந்தா கண்டன்சேஷன், தண்ணி மாதிரி சின்ன மூலக்கூறு வெளியேறும். இதுல டைஅமீனும் (ரெண்டு முனையிலயும் அமீன் இருக்கறது) அடிப்பிக் அமிலமும் சேர்ந்து வர்ற நைலான் 6,6 ரொம்ப முக்கியம், நிறைய பேருக்கு மார்க் போற இடமே இதான்: டைஅமீன் பக்கம் சிஹெச்2 ஆறு, சரி, ஆனா அடிப்பிக் அமிலம் பக்கம் நாலுதான் வரும், ஏன்னா அதோட 6 கார்பன்ல ரெண்டு கார்பன், முனைக்கு ஒண்ணா, ஆக்சிஜனோட இரட்டைப் பிணைப்புல இருக்கு. அமைப்பை வரைஞ்சதும் கார்பனை எண்ணிப் பாருங்க, பக்கத்துக்கு 6 வரணும்.

அப்புறம் எல்டிபிஇ (அடர்த்தி குறைஞ்ச பாலித்தீன்), எச்டிபிஇ (அடர்த்தி கூடின பாலித்தீன்) ரெண்டுக்குமே மோனோமர் எத்திலீன்தான், முதல்ல சொன்னதுல கிளை அதிகம், அதனால சங்கிலிங்க நெருக்கமா அடுங்கி நிக்காது, அடர்த்தி குறையும், பொருளும் மெத்துன்னு வளையும்.