காயில் தண்ணீர், சீஸில் உப்பு: வீட்டுச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பையன் காய் என்றால் ஓடுவான், சீஸ் என்றால் வந்து உட்காருவான். காய்க்கு மேல் சீஸைப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்து ஒரு நாள் சாயங்காலம் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினேன். மாவை ஊற்றி, நறுக்கிய தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், அதன் மேல் கை நிறைய சீஸ் துருவல், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மூடி. மூன்று நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் நடுவில் குளம் கட்டியிருந்தது. ஓரம் கருகல், நடு சொதசொத. சீஸ் ரப்பர் மாதிரி இழுபட்டு, அதிலிருந்து எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. அவன் சீஸை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்த ஒரு தோசையிலேயே முக்கால்வாசித் தவறுகளும் இருந்தன.

முதலில் தண்ணீர். தக்காளி, குடைமிளகாய், முட்டைகோஸ், சுரைக்காய், காளான் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டால் அது வெளியே வரும். மூடி போட்டால் ஆவியாகப் போக வேண்டியதும் திரும்பச் சொட்டும். பொரியலில் இது பெரிய பிரச்சினை இல்லை, வற்றும்வரை வதக்கிவிடுவோம். தோசை, டோஸ்ட், கட்லெட் என்று வரும்போது வற்றுவதற்கு நேரமே இல்லை. அதனால் காயின் தண்ணீரை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். சுரைக்காயையும் கோஸையும் துருவி, அரை ஸ்பூன் உப்பு பிசறிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே சப்பாத்தி மாவு பிசையலாம், மாவுக்குத் தனியாக உப்பும் வேண்டாம். தக்காளியில் விதைப் பகுதியை வழித்தெடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். குடைமிளகாய்க்குப் பெரிய தீயில் இரண்டு நிமிட வதக்கல் போதும்.

காளான் தனி ரகம். சின்ன வாணலியில் ஒரு பாக்கெட்டையும் ஒரேயடியாகக் கொட்டினால் வதங்காது, அதன் தண்ணீரிலேயே வேகும். அகலமான வாணலி, நல்ல தீ, மூடி கிடையாது, உப்பு கடைசியில்.

அடுத்தது சீஸைப் போடும் நேரம். பொரியலுக்குத் தேங்காய்த் துருவலை எப்போது போடுகிறோம்? அடுப்பை அணைக்கும் சமயத்தில். சீஸுக்கும் அதே இடம்தான். பீட்சாவில் போடும் மொசரெல்லா சீஸ் கிட்டத்தட்ட 60 டிகிரியிலேயே இளகிவிடும். தோசைக்கல்லின் சூடு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதில் நெடுநேரம் கிடந்தால் சீஸின் புரதம் இறுகி, உள்ளே பிடித்து வைத்திருக்கும் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். நான் அன்று பார்த்த எண்ணெய் அதுதான். தோசை வெந்ததும் தீயை அணைத்துவிட்டுத் துருவலைத் தூவி, அரை நிமிடம் மூடினால் போதும், கல்லின் சூடே உருக்கிவிடும். துருவியே பாக்கெட்டில் வருகிற சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தடவியிருப்பார்கள், அது அவ்வளவு சீராக உருகாது. கட்டியாக வாங்கி, கேரட் துருவியிலேயே துருவிக்கொள்வது நல்லது.

ஆரோக்கியம் என்று பார்த்தால் எனக்கு உறுத்துவது கொழுப்பைவிட உப்புதான். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். சீஸ் ஸ்லைஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 1400 மில்லிகிராம் என்று இருந்தால், 20 கிராம் ஸ்லைஸ் ஒன்றில் 280. சோடியத்தை உப்புக் கணக்குக்கு மாற்ற இரண்டரையால் பெருக்கினால் 700 மில்லிகிராம் உப்பு. மூன்று ஸ்லைஸ் போட்டால் 2 கிராமைத் தாண்டிவிடும். பிரெட்டின் உப்பு, சாஸின் உப்பு, இது போதாதென்று காயின் மேல் நாம் தூவுகிற சிட்டிகை எல்லாம் தனிக் கணக்கு. குழந்தைகளுக்கு அளவு இன்னும் குறைவு. சீஸ் சேர்கிற எந்தச் சமையலிலும் உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு போடுங்கள். பாதி நேரம் போடவே வேண்டியிருக்காது.

பாக்கெட்டைத் திருப்பியது திருப்பியதாக, சேர்மானப் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள். பாம் ஆயிலோ வேறு தாவர எண்ணெயோ முன்வரிசையில் இருந்தால் நீங்கள் வாங்கியது பாலில் செய்த சீஸ் அல்ல.

சரி, பனீர். சீஸ் செய்கிற வேலையை இதனிடம் எதிர்பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பை விட்டுப் பாலைத் திரித்து எடுப்பது என்பதால் பனீர் உருகவே உருகாது, எவ்வளவு நேரம் கல்லில் வைத்தாலும். தேங்காயின் இடம் சீஸுக்கு என்றால் பருப்பின் இடம் பனீருக்கு. கூட்டில் பருப்பு எவ்வளவு போடுவோமோ அந்த அளவு. சைவம்தானே, நல்லதுதானே என்று காயைவிடப் பனீரை அதிகமாகப் போடுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி பனீரில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மீதியில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். ஆக, 100 கிராம் பனீரில் குறைந்தது 20 கிராம் கொழுப்பு. அதை எண்ணெயில் பொரித்து வேறு போட வேண்டுமா? பொரிப்பதால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் போய், அழிரப்பர் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் லேசாக உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, காய் வெந்த பிறகு கடைசி மூன்று நிமிடத்தில் சேருங்கள். பீன்ஸ், கேரட், பட்டாணி 300 கிராமுக்கு 100 கிராம் பனீர், கொஞ்சம் மிளகு, கறிவேப்பிலை. இரண்டு பேருக்குத் தாராளம்.

வீட்டில் பனீர் எடுப்பது சுலபம், அவசரப்படாமல் இருந்தால். அடுப்பு எரியும்போதே மொத்த எலுமிச்சையையும் பிழிந்துவிட்டு மேலும் கொதிக்கவிட்டால் மணல் மணலாக, புளித்துப் போய் வரும். பால் பொங்கியதும் அடுப்பை அணையுங்கள். ஒரு நிமிடம் விட்டு, சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். திரிதிரியாகப் பிரிந்து, தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்த அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும், கையில் மிச்சம் இருக்கிற சாறு மிச்சமாகவே இருக்கட்டும். துணியில் வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் புளிப்பு போய்விடும். மேலே ஒரு கனமான பாத்திரத்தை அரை மணி நேரம் வைத்தால் துண்டு போடும் பதம் வரும். 6 சதவீதக் கொழுப்புள்ள பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் தேறும். 3 சதவீதப் பாலில் அளவும் குறையும், மெதுமெதுப்பும் குறையும். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பால் இதற்கு ஆகாது. அது முன்பே கடுஞ்சூட்டைப் பார்த்துவிட்டதால் கெட்டியாகக் கூடி வராது. தானாகத் திரிந்துபோன பாலையும் நான் எடுப்பதில்லை. வடித்த தண்ணீர் ரசத்துக்குப் போகும்.

மிச்சப் பனீரைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இப்போதும் அதே தோசைதான் சாயங்காலங்களில். பிழிந்த கோஸும் வதக்கிய குடைமிளகாயும் இரண்டு கைப்பிடி, சீஸ் இரண்டு ஸ்பூன், தூவும் உப்பு இல்லை. சீஸ் காயோடு ஒட்டிக்கொள்வதால் உரித்தெடுக்க முடிவதில்லை. குடைமிளகாயை மட்டும் அவன் இன்னமும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைக்கிறான்.