வெயில் தணியக் காத்திருக்காதீர்கள்: இலையுதிர்காலக் காய்கறிப் பாத்தி

தோட்டம் போடத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள், வெயில் குறையட்டும் என்று நானும் காத்திருந்தேன். இரண்டு முறையும் முட்டைக்கோஸ் உருண்டு திரளும் முன்பே பகல் சுருங்கி, வளர்ச்சி நின்றுபோனது. வெப்பமான இடங்களில் இலையுதிர்காலப் பாத்தியைக் கோடையின் கடைசி வாரங்களிலேயே தயார் செய்ய வேண்டும். அந்த வாரங்களில் நமக்குள்ள பெரிய வேலை, கொதித்துக் கிடக்கும் மண்ணைக் குளிர வைப்பதுதான்.

முதல் படி: நாளைக் கணக்கிடுங்கள்

உங்கள் ஊரில் உறைபனி விழும் என்றால், முதல் பனி வழக்கமாக எப்போது வருகிறதோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதை உறையில் அறுவடைக்கு 70 நாள் என்று இருந்தால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளி குறையக் குறையச் செடி மெதுவாகத்தான் வளரும். பனியே விழாத ஊர் என்றால் இவ்வளவு கறாரான கணக்கு தேவையில்லை.

இரண்டாம் படி: பழைய செடிகளைப் பாருங்கள்

ஓய்ந்துபோன கொடிகளை எடுத்துவிடலாம். கத்தரியையும் மிளகாயையும் மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். செடியின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்து உரமும் நீரும் கொடுத்தால் புதுத் துளிர் விட்டு மறுபடியும் காய்க்கும். தக்காளி பூத்தும் காய் பிடிக்கவில்லையா? பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்துவிடும். நோயில்லாத செடியாக இருந்தால் விட்டுவையுங்கள். இரவு குளிர்ந்ததும் பிஞ்சு பிடிக்கும்.

பிடுங்கும் செடிகளின் வேரைத் தவறாமல் பாருங்கள். வேரே புடைத்து முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவின் வேலை. அவரை, பீன்ஸ் வேர்களில் விரலால் தேய்த்தால் உதிரும் சிறு முடிச்சுகள் வேறு; தழைச்சத்தைச் (நைட்ரஜன்) சேர்க்கும் அவை நன்மையானவை. நூற்புழு கண்ட வேரை உரக்குழியில் போடாதீர்கள். வெயில் இன்னும் கடுமையாக இருந்தால் அந்தப் பாத்தியை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக்கமாகப் போர்த்தி, ஓரங்களில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்களும் களை விதைகளும் பெருமளவு மடியும்.

மூன்றாம் படி: மண்ணை நனையுங்கள்

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். நெடுநாள் காய்ந்த மண், சட்டென்று நீரைக் குடிக்காது. மேலே ஊற்றும் நீர் வழிந்தோடிவிடும். பாத்தி கறுத்துத் தெரியும், இரண்டு விரல் ஆழத்தில் தூசு பறக்கும். ஆகவே சிறிது ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடியிலும் ஈரம் இருந்தால்தான் நனைந்ததாகப் பொருள். கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

அந்தப் பதத்தில் 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மட்கிய உரத்தைப் பரப்பி, மேல்மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள். ஆழமாகக் கொத்த வேண்டாம். மட்காத சாணம் விதைப் பாத்திக்கு ஆகாது. உடனே நடப்போவதில்லை என்றால் வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போடுங்கள். மண்ணைத் திறந்து போட்டுவிட்டால், நீங்கள் பட்ட பாடெல்லாம் ஒரே வாரத்தில் வீணாகிவிடும்.

நான்காம் படி: விதையும் நாற்றும்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி நாற்றுகளை 4 முதல் 6 வாரம் முன்பே நிழலான இடத்தில் வளர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் நட்டு, முதல் பத்து நாள் நிழல்வலை கட்டுங்கள். வலை செடியைத் தொடாமல் மேலே நிற்கட்டும், காற்றோட்டம் வேண்டும்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கியை நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும். இவற்றில் கேரட்டுக்குத்தான் பொறுமை வேண்டும்: முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம், அதுவரை மேல்மண் ஒரு பகல்கூடக் காயக்கூடாது. ஆழமில்லாத கோடு கிழித்து, கோட்டுக்குள் நீர் ஊற்றி, விதையைத் தூவி, மட்கிய உரத்தை மெல்லியதாகத் தூவி மூடுங்கள். அதன் மேல் நனைத்த கோணிச் சாக்கைப் போட்டு, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். ஐந்தாம் நாள் முதல் தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே, வெயில் சாய்ந்த பிறகு சாக்கை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டுவிடும்.

லெட்டூஸுக்கு அவசரப்படாதீர்கள். மண் 30 டிகிரியைத் தாண்டியிருந்தால் பெரும்பாலான ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். பிற்பகலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து விதையுங்கள்.