கடிவிசையை வீட்டிலேயே அளக்கலாம்: லோட் செல், ஆர்டுயினோ, நொடிக்கு 80 அளவீடுகள்

கடைவாய்ப் பற்களால் எவ்வளவு பலமாகக் கடிக்க முடிகிறது என்று பார்ப்பது ஒன்று. சொன்ன அளவு விசையில் தாடை அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஆர்டுயினோவில் நிரல் ஏற்றத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆடும் பல், வேர் சிகிச்சை செய்த பல், தாடை மூட்டில் வலி, இதில் எது இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள்.

1. கடிக்கும் பகுதி

100 கிலோ தாங்கும் பட்டன் லோட் செல் (விசையை மின்சமிக்ஞையாக மாற்றும் உணர்வி) வாங்குங்கள், இருப்பதிலேயே மெல்லியதாக. மெல்லிய எஃப்எஸ்ஆர் பட்டைகள் (அழுத்தினால் மின்தடை மாறும் உணர்விகள்) மலிவுதான், ஆனால் அழுத்திக்கொண்டே இருந்தால் அளவு நகர்ந்துகொண்டே போகும்; நான் பரிந்துரைக்க மாட்டேன். செல்லை இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே வைத்து, பல் படும் இரு பக்கமும் கெட்டி ரப்பர் ஒட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை விரல் ஒன்றை மேலே மாட்டுங்கள்.

2. வேகம்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். லோட் செல்லின் சமிக்ஞையை ஆர்டுயினோவுக்கு எண்ணாக மாற்றித் தருவது எச்எக்ஸ்711 சிப். கடைகளில் கிடைக்கும் அதன் பச்சைப் பலகை பெரும்பாலும் நொடிக்கு 10 அளவீடுதான் தரும். தாடையின் இயல்பான நடுக்கமே நொடிக்கு 6 முதல் 8 முறை இருக்கும். அதைப் பிடிக்க 10 போதாது. சிப்பின் 15ஆம் காலில்தான் வேகம் இருக்கிறது. அது தரையோடு (GND) இணைந்திருக்கும். சூடான சாலிடர் முனையால் அதை மெதுவாகத் தூக்கி, பக்கத்திலுள்ள 16ஆம் காலோடு சேர்த்துவிட்டால் நொடிக்கு 80 கிடைக்கும். இரைச்சல் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அப்புறம் நிரலையும் பாருங்கள். பல உதாரண நிரல்கள் பத்து அளவீடுகளின் சராசரியைத்தான் காட்டும். அந்த 10ஐ 1 ஆக்காவிட்டால் சாலிடர் வைத்ததெல்லாம் வீண்.

3. அளவு திருத்தம்

கருவியை முள் வைத்த எடைமெஷின் மேல் வைத்து, மரக்கட்டையால் மேலிருந்து அழுத்துங்கள். முள் காட்டுவதில் கருவியின் எடையைக் கழித்தால் உங்கள் விசை. 10, 20, 40 கிலோவில் ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்பர் ஒட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

4. கடித்துப் பார்த்தல்

மின்கசிவு வாய்க்கு வராமலிருக்க லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மெதுவாக விசையைக் கூட்டுங்கள். கடைவாயில் பெரியவர்களுக்கு 30 முதல் 70 கிலோ வரை வருவது சாதாரணம். முன்பல்லில் அதில் சிறு பங்குதான். வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

சரி, இப்போது கட்டுப்பாடு. திரையில் 5 கிலோவில் ஒரு கோடு போட்டு, பத்து நொடி அதிலேயே நில்லுங்கள். அடுத்து திரையை மறைத்துவிட்டு அதையே செய்யுங்கள். இப்போது தாடைக்குத் துணை, தசைகளிலும் பல்லின் வேரைச் சுற்றிய சவ்விலும் உள்ள உணர்விகள் மட்டுமே. அந்தச் சவ்வு உணர்விகள் மிகச் சிறிய விசையிலேயே விழித்துக்கொள்பவை. பல் மரத்துப்போக ஊசி போட்டால், ஒரு நிலக்கடலையைப் பல்லிடையே பிடித்திருக்கக்கூடத் தேவைக்கு மேல் அழுத்துகிறோம்.

பின்சேர்க்கை: இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தகடு முழுக்க ரப்பர் ஒட்டியிருந்தால் பக்கத்துப் பல்லும் சேர்ந்து அழுத்தும், செல் சாய்ந்துவிடும். பட்டனுக்கு நேர் மேலே மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ரப்பரை வெட்டி ஒட்டி, 3ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.